லாடம் அடித்தது யார்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மறைப்பதாக நினைக்க வேண்டாம். அந்தப் பெயர் என் வாயிலும் நுழையாது, கையிலும் வராது. நான் கோமளா, எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த நாலு பக்கத்தை எழுதவே எங்கே தப்பு வந்துவிடுமோ என்று ஒரு வாரமாக அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் போலந்து சார். எனக்கும் அப்படித்தான்.

தேர்தல் வந்து சுவரில் சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரைய ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அவர் வந்தார். பெங்களூர் ரோட்டுமேல் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து லாரிக்குப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. அதன் கேன்டீனில் எனக்கு வேலை. போலந்து நாட்டிலிருந்து ஒரு பெரிய சம்மட்டி இயந்திரம் மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்காக அதன் பின்னாலேயே வந்து இறங்கியவர் அவர். நல்ல உயரம். கழுத்து மட்டும் கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். மீசையின் இரண்டு நுனியும் தொங்கும். வந்த பத்து நாளிலேயே நம் வெயிலில் காது தோல் உரிந்துவிட்டது. இடது கைச் சுண்டு விரலில் ஒரு மோதிரம். அதைத் திருகிக்கொண்டே இருப்பார். பழக்கமில்லாத செருப்பைப் போட்டவன் காலை அசைத்துக்கொண்டே இருப்பானே, அந்த மாதிரி.

அவருக்குத் துணையாளாகச் சேகரைப் போட்டிருந்தார்கள். சேகர் வடக்குப்பட்டு ஆள், ஐடிஐ படித்தவர், கம்பெனி இங்கிலீஷ் நன்றாக வரும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சேகருக்குச் சம்மதம். எனக்கும்தான், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. சேகரின் அம்மாவுக்குத்தான் மனசில்லை. காரணம் என் அப்பாவின் தொழில். நைனா மாட்டுக்கு லாடம் அடிப்பவர். பிள்ளைப்பாக்கம் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு புளியமரம், அதன் அடியில் அவர் சம்மட்டியும் கயிறும். "மாட்டுக் கால்ல ஆணி அடிக்கிற வூட்லியா பொண்ணு எடுக்கணும்" என்று அந்த அம்மா யாரிடமோ சொன்னதாக என் காதுக்கு வந்தது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா இல்லாத பெண், வயது ஏறிக்கொண்டிருக்கிறது, இதுவும் போனால் என்ன செய்வது என்று டீ ஆற்றும்போதுகூட நினைத்துக்கொண்டிருப்பேன்.

போலந்து சாரைப் பற்றி முதலில் ஊர் சிரித்தது அந்தச் சுவர் விஷயத்தில்தான். கெஸ்ட் ஹவுஸிலிருந்து தினமும் ஜீப்பில் வருவார். அப்போது தேர்தல் நேரம். வழியெல்லாம் சுவருக்குச் சுவர் சின்னம். ஒரு வீட்டில் ஒன்று, எதிர் வீட்டில் இன்னொன்று. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவர், நாலாவது நாளிலிருந்து ஒவ்வொரு வீட்டையும் பார்த்துத் தலையைக் குனிந்து வணங்க ஆரம்பித்துவிட்டார். சேகர் கேன்டீனில் வந்து அதை அப்படியே நடித்துக் காட்டினார்.

"இன்னா சார் கும்புடுறீங்கன்னு கேட்டேன். இந்தத் தெருவுல ரெண்டு பெரிய குலம் கீதுன்றாரு. இந்தப் பக்கம் ஒரு குலம், அந்தப் பக்கம் ஒரு குலமாம். ஒவ்வொருத்தரும் அவங்க குலச் சின்னத்த வாசல்ல போட்டுகினு கீறாங்களாம்."

"நீ இன்னா சொன்ன?" என்றார் ஒருத்தர்.

"சார், அது குலமும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஓட்டு போடுறதுன்னேன். அப்பன் போட்டதும் இதே சின்னமான்னு கேட்டாரு. ஆமா சார்னேன். தாத்தா? அவரும்தான் சார். புள்ள மாத்திப் போட்டா? வூட்ல சேக்க மாட்டாங்க சார்னேன். அப்ப நான் சொன்னதுதான்னுட்டு மறுபடியும் கும்புடுறாரு."

கேன்டீனே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து 'சின்னம்' என்ற வார்த்தை அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும், "வணக்கம். சின்னம் இன்னா?" என்பார். சலவைக்கு அனுப்பின சட்டைக் காலரில் கறுப்பு மையில் ஒரு கோடும் இரண்டு புள்ளியும் இருப்பதைக் கண்டுபிடித்தார். துணி மாறிப் போகாமல் இருக்கச் சலவைக்காரர் போடுகிற குறி அது. தனக்கு இந்த ஊரில் ஒரு சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று காலரைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். ஸ்டோர்ஸில் ஒரு பெரியவர், பெரும்புதூர் சன்னதித் தெருக்காரர். சட்டையைக் கழற்றி முகம் கழுவும்போது இரண்டு தோளிலும் பெருமாளுக்காகச் சங்கும் சக்கரமும் சுட்டுக்கொண்ட தழும்பு தெரிந்தது. போலந்து சார் கிட்டே போய்த் தழும்பைக் குனிந்து பார்த்தார். எங்கள் நாட்டில் சின்னத்தை இரும்பில் போட்டோம், துணியில் போட்டோம், தோலில் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லையே என்றாராம்.

மே மாதம் எங்கள் பெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்துத் தலைவர் செத்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பற்றி எழுத நான் ஆளில்லை. அதற்குப் பிறகு ரோடெல்லாம் போலீஸ், வருகிறவன் போகிறவன் எல்லோரையும் நிறுத்தி விசாரணை. வெளிநாட்டுக்காரர் எங்கேயும் போக வேண்டாம், கம்பெனியும் கெஸ்ட் ஹவுஸும் போதும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் வேலை இல்லாத நேரமெல்லாம் அவர் கேன்டீனில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த மோதிரத்தின் கதை எங்களுக்குத் தெரிந்தது.

மோதிரத்தில் குதிரை லாடம் செதுக்கியிருந்தது. வாய் மேலே பார்த்த லாடம், நடுவில் ஒரு சிலுவை. அதுதான் அவர்கள் குடும்பத்துச் சின்னம். பிரபுக்கள் குடும்பமாம். பிரபு என்றதும் நாங்கள் அரண்மனை, யானை என்று நினைத்தோம். அதெல்லாம் இல்லை. அவர் தாத்தாவுக்கு இருந்தது நம் ஊர்க் கணக்கில் ஒரு காணி நிலம். தானே ஏர் ஓட்டுவார். ஆனால் இடுப்பில் கத்தியைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். இரும்புக் கத்தி வாங்க வழியில்லாத வீட்டில் மரக்கத்தி. ஏழையோ பணக்காரனோ, அந்தக் கூட்டத்துக்குள் ஒருத்தனுக்கு ஒருத்தன் அண்ணன் தம்பிதான், யாரும் யாருக்கும் கீழே இல்லையாம். ஒரே லாடச் சின்னம் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு உண்டு. சொந்தமில்லை, ரத்தமில்லை, பெயர்கூட வேறு வேறு. ஆனால் சண்டையில் ஒருத்தன் அந்தச் சின்னத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அத்தனை பேரும் ஓடி வரவேண்டும். பக்கத்து நாட்டுக்காரர்களையே ஒரு காலத்தில் கூட்டிவைத்து, 'நீ என் சின்னத்துக்குள் வா' என்று ஆளுக்கு ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார்களாம்.

"அப்ப ஏன் சார் மோதிரத்த இந்த மாதிரி திருகினே கீறீங்க" என்று சேகர் கேட்டார்.

அவர்கள் நாட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் வேறு மாதிரி ஆட்சி. பிரபு, சின்னம் என்று வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அவருடைய அப்பா மோதிரத்தை மாவு டின்னுக்குள் போட்டு மறைத்து வைத்திருந்தார். ஆட்சி மாறி இரண்டு வருஷம்தான் ஆகிறது. டின்னிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டவர், நேராக இங்கே வந்து இறங்கியிருக்கிறார். வந்த இடத்தில் குடிசைக்காரன்கூடத் தன் சின்னத்தைச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறான். அதைப் பார்த்துத்தான் மனுஷன் தலையைக் குனிந்திருக்கிறார். இதைக் கேட்ட பிறகு கேன்டீனில் யாரும் அந்த நடிப்பை நடிக்கவில்லை.

என் வாய் ஏன் திறந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் யாரிடமும் கேள்வி கேட்கிறவள் இல்லை. அன்றைக்கு அவர் லாடம் எப்படிச் சின்னமானது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தட்டைச் சாய்த்து வைத்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றி, ஒரு தீப்பெட்டியைக் குதிரையாக்கி மேலே தள்ளினார். தீப்பெட்டி வழுக்கி வழுக்கிக் கீழே வந்தது.

சேகர் தமிழில் சொன்னார்: "ஐஸு மலை. உச்சியில நின்னுகினு எதிரிங்க கிண்டல் பண்றானுங்க, தில்லு இருந்தா ஏறி வாடான்னு. குதுர ஏற மாட்டேங்குது, வழுக்குது. அப்ப இவங்க முப்பாட்டன் ஒரு வீரன், குதுரைக்கு லாடம் அடிச்சான். அதுக்கு முன்ன அந்த ஊர்ல லாடம்னா இன்னான்னே தெரியாதாம். டகடகன்னு ஏறிப் போயி எல்லாரையும் புடிச்சிகினு வந்துட்டான். ராஜா சந்தோசப்பட்டு, இந்தா, உன் கேடயத்துல லாடத்தப் போட்டுக்கோன்னுட்டாரு."

"லாடம் அடிச்சது யாரு?" என்றேன் நான்.

"சொன்னேன்ல, வீரன்."

"வீரன் ஏறிப் போனான். அடிச்சது யாரு? ஒருத்தன் காலப் புடிக்கணும், ஒருத்தன் அடிக்கணும்ல?"

சேகர் இதைச் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார். போலந்து சார் சிரிக்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னார்.

"வீரன் அவனே அடிச்சானாம்."

"அப்ப குதுரகிட்ட ஒத வாங்கியிருப்பான்" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அந்தக் கடைசி வார்த்தையைச் சேகர் மொழிபெயர்த்திருக்க வேண்டாம். மொழிபெயர்த்துவிட்டார். போலந்து சார் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த இரண்டு நாள் கேன்டீன் பக்கமே வரவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒருத்தர் முப்பாட்டனைச் சொல்லலாமா? மேனேஜரிடம் சொல்லியிருப்பார், வேலை போகும். வேலை போனால் வாயாடிப் பெண் என்று வடக்குப்பட்டு வரைக்கும் பேச்சுப் போகும். நாட்டுக்கும் நாட்டுக்கும் மனஸ்தாபம் வந்துவிட்டால், ஏற்கனவே இருக்கிற போலீஸ் கெடுபிடியில் நைனாவைக் கூப்பிட்டு விசாரித்தால்? அந்த இரண்டு நாளும் சாம்பாரில் உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் வந்தார். என் முன்னால் நின்று, தலையைக் குனிந்து, ஒரே ஒரு வார்த்தை தமிழில் சொன்னார்: "வீரன்."

பயத்தில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "ஒத" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அதுதான் எங்களுக்குள் வணக்கம். டீக்கு வரும்போது அவர் 'வீரன்' என்பார், நான் 'ஒத' என்பேன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் நைனா லாடம் அடிப்பவர் என்பது அதற்குள் சேகர் மூலமாக அவருக்குத் தெரிந்துவிட்டது. வெளியே போகலாம் என்று மேனேஜர் சொன்னதும் முதல் வேலையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகரோடு புளியமரத்தடிக்கு வந்துவிட்டார். வீரன் தன் கையாலேயே லாடம் அடிக்க முடியும் என்று காட்டப் போகிறாராம்.

நைனா ஒரு செவலை மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டியிருந்தார். நான் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். போலந்து சார் குனிந்து குளம்பைப் பார்த்தார். திடுக்கிட்டு மோதிரத்தைப் பார்த்தார். மறுபடி குளம்பைப் பார்த்தார்.

"இன்னா பாக்குறாரு?" என்றார் நைனா.

"குளம்பு ரெண்டா கீதேன்றாரு மாமா. அவருது ஒரே லாடமாம்."

"குதுரைக்கு ஒத்தக் குளம்பு. மாட்டுக்கு நடுவுல பொளந்திருக்கும், ரெண்டு பக்கமும் தனித்தனியா அடிக்கணும். சொல்லு அவருக்கு."

போலந்து சார் சம்மட்டியைக் கேட்டு வாங்கினார். எத்தனையோ ஆள் உயர இயந்திரச் சம்மட்டியைப் பூட்டுகிற மனுஷன். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது ஆணி எகிறிப் போய்ப் புழுதியில் விழுந்தது. மூன்றாவது அடி அவர் கட்டைவிரலில்.

நைனா சம்மட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "உங்க வெரல்ல எவ்ளோ வேணா அடிச்சிக்கோங்க சார். மாட்டுக்கு வலிக்கக் கூடாது. இங்க வந்து குந்துங்க" என்று மாட்டின் கழுத்துப் பக்கம் காட்டினார். மாடு தலையைத் தூக்காமல் பிடித்துக்கொள்கிற வேலை. அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். மாட்டின் காதுக்குள் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். மாடும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தது.

அப்போது பஸ் வந்து நின்றது. சேகரின் அம்மா இறங்கினார்.

சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டைப் பற்றி விசாரித்துப் போக வந்திருக்கிறார். வந்த இடத்தில் தன் பிள்ளை ஆணி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், ஒரு வெள்ளைக்காரன் மாட்டின் கழுத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறான்.

"அம்மா" என்றார் சேகர். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. போலந்து சார் சட்டென்று எழுந்தார். மாட்டுத் தலையை விட்டுவிட்டு எழுந்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நேராகப் போய், இடுப்பு வரைக்கும் குனிந்து, அந்த அம்மாவின் வலது கையை எடுத்து உதட்டில் வைத்தார்.

"அய்யய்ய, சேகரு, கையக் கடிக்கிறான்டா."

இந்தப் பக்கம் மாடு கட்டை உதறிக்கொண்டு, பாதி லாடத்தோடு எழுந்து ஓடியது. நைனா மாட்டின் பின்னால் ஓடினார். மாட்டுக்காரர் நைனாவின் பின்னால் ஓடினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலில் இருந்தார்கள். அந்த அம்மா முந்தானையால் கையைத் துடைத்து, துடைத்து, என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிரில் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

சேதி மறுநாளே வந்தது. "பொண்ண ஒண்ணும் சொல்லல. ஆனா அது இன்னா வூடு? பஸ் ஸ்டாண்டுல, நாலு பேரு எதிர்ல, புருசன் இல்லாத பொம்பள கையப் புடிக்க வைக்கிறாங்க." அத்தோடு ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள், ஆவணியில் இந்தப் பேச்சு எழாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நைனா புளியமரத்தடியிலிருந்து இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

கேன்டீனில் போலந்து சார் 'வீரன்' என்றார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அவர் சேகரைப் பிடித்து உலுக்கி விஷயத்தை வாங்கிவிட்டார். தன்னால் ஒரு கல்யாணம் நின்றது என்று தெரிந்ததும் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். பிறகு பெயின்ட் வேண்டும் என்று கேட்டாராம்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. சேகர் சொன்னதும், அந்த அம்மா பிற்பாடு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னதும் சேர்ந்து எனக்குப் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. ஆவணி முதல் ஞாயிறு, உச்சி வெயில். கறுப்புக் கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. சேகரின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வடக்குப்பட்டுக்குப் போயிருக்கிறார். மடியில் ஒரு தகடு, துணி சுற்றி. வாசலில் இறங்கியவர் உள்ளே போகவில்லை. கூப்பிடாமல் வரமாட்டேன் என்று வெயிலிலேயே நின்றார். முகமெல்லாம் வேர்த்துக் கோட்டில் சொட்டியது.

அந்த அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "இன்னாவாம்?" என்றார். இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்திருக்காரும்மா. அவங்க ஊர்ல மரியாதைன்னா அப்டித்தான் செய்வாங்களாம். இந்த ஊருக்கு அது தப்புன்னு தெரியலியாம்."

"ம்."

"இன்னொண்ணும் சொல்றாரு. கோமளா வூடு இன்னா வூடுன்னு கேட்டியாமே. அவங்க வூட்ட இவரு தன் குலத்துல சேத்துகினாராம். அவங்க நைனா இவருக்கு அண்ணனாம். இதான் அந்த வூட்டுச் சின்னமாம்."

துணியைப் பிரித்தார். கேடய வடிவத்தில் வெட்டின தகடு, இயந்திரத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்ட். அதன் நடுவில், அவர் மோதிரத்தில் இருந்த ஒற்றை லாடம் இல்லை. மஞ்சளில் இரண்டு அரை வட்டம், நடுவில் ஒரு சந்து. மாட்டு லாடம். அவர்கள் வழக்கத்தில் ஒருத்தரைச் சேர்த்துக்கொள்ளும்போது சின்னத்தில் இப்படிக் கொஞ்சம் மாற்றம் செய்வதும் உண்டாம்.

அந்த அம்மா தகட்டைப் பார்த்தார். "மாட்டாஸ்பத்திரி போர்டு மாதிரி கீது" என்றார். பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அண்ணன்னா இவன் பொண்ணுக்குச் சித்தப்பன். எனக்குச் சம்பந்தி மொற ஆவுது. சம்பந்தி கையில முத்தம் குடுக்குறது எந்த ஊரு நாயம்? கேளு."

சேகர் கேட்டார். போலந்து சார் ரொம்ப யோசித்துப் பதில் சொன்னார். அவர் வீட்டில் பெண்களின் கையை எடுத்து உதட்டில் வைப்பார்கள். ஆம்பிளையில் ஒரே ஒருத்தர் கையைத்தான் அப்படி வைப்பார்கள், யார் அந்தச் சின்னத்தை வாங்கித் தந்த பெரியவரோ, அவர் கையை. வேறு யாருக்கும், ராஜாவுக்குக்கூட, இல்லை.

"நல்லா கீது போ" என்றார் அந்த அம்மா. கதவை முழுக்கத் திறந்தார். அப்புறம், "வெயில்ல நிக்காதப்பா. உள்ள வந்து குந்து. மோர் தர்றேன்" என்றார்.

அந்தத் தகட்டைப் பார்த்துத்தான் அந்த அம்மாவின் மனசு மாறியது என்று நான் நினைத்திருந்தேன். அதில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒருநாள் நானே மாமியாரிடம் கேட்டேன். "தகடாவது தவிடாவது. என் வூட்டுக்காரன் அத்தன வருசத்துல ஒரு நாளு, தெரியாம செஞ்சிட்டேன்டின்னு சொன்னதில்ல. இவன் எங்கியோ பொறந்தவன், கோட்டப் போட்டுகினு வேர்த்து வழிய வந்து நிக்கிறான். அவன் தொணைக்கு வர்ற வூடுன்னா அதப் பத்தி இனி வாய் தொறக்கக் கூடாதுன்னுட்டேன்" என்றார். சேகர் என்று பெயர் சொல்லியே எழுதிக்கொண்டு வருகிறேன். என் வீட்டுக்காரர் படித்தால் சிரிப்பார்.

தகடு புளியமரத்தில் தொங்கியது. வண்டிக்காரர்கள் நிஜமாகவே கவர்மென்ட் மாட்டாஸ்பத்திரி என்று நினைத்து, கழிச்சல் கண்ட மாட்டையெல்லாம் நைனாவிடம் ஓட்டி வந்தார்கள். நைனா அவர்களுக்கு வழி சொல்லியே ஓய்ந்துபோனார். ஆனால் தகட்டைக் கழற்றச் சொன்னால் கோபம் வரும். ரோடு அகலமானபோது மரம் போனது. தகடு எங்கள் வீட்டுக் கோழிக் கூண்டுக்குக் கதவாகிவிட்டது. நீலம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கல்யாணம் தையில் என்று முடிவானது. அவர் ஐப்பசியிலேயே போகவேண்டியதாயிற்று. இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது, அவருக்கு இங்கே வேலை முடிந்தது. மழை பிடித்துக்கொண்ட நாள். ஏர்போர்ட் போகிற வழியில் ஜீப்பை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, சேகரோடு இறங்கி வந்தார். அதே கறுப்புக் கோட்டு. மழையால் வண்டி எதுவும் வராமல் நைனா சீக்கிரமே வந்து, அடித்துப் போட வேண்டிய லாடங்களைத் துரு தட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கறுப்பு. நான் சோறு போட்டு வைத்திருந்தேன்.

மனுஷன் இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. எதற்கு மனசில் குறையோடு போகவேண்டும் என்று தோன்றியது. அவர் வாயைத் திறக்கும் முன்னால் நானே, "வீரன்" என்றேன். விட்டுக்கொடுத்துவிட்டேன்.

அவர் சிரித்தார். 'ஒத' என்று சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார். என்னைத் தாண்டி நைனாவிடம் போனார். நைனா எழுந்து நின்று கையை வேட்டியில் துடைக்கப் போனார். துடைக்க விடவில்லை. இடுப்பு வரைக்கும் குனிந்து, துருவும் எண்ணெயுமாக இருந்த அந்தக் கையை எடுத்து உதட்டில் வைத்தார்.

"இன்னா சேகரு," என்றார் நைனா, "நான் இன்னா பொம்பளையா?"

சேகர் என்னைப் பார்த்தார். நான் சேகரைப் பார்த்தேன். ஆம்பிளையில் ஒரே ஒருத்தர் என்று அவர் வடக்குப்பட்டு வாசலில் சொன்னது இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்தது. ஜீப் போய்விட்டது.

நான் உள்ளே வந்து குழம்பை ஊற்றினேன். நைனா மணைமேல் உட்கார்ந்து, வலது கையை முட்டிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோறு ஆறுது நைனா."

"கை கழுவணுமே" என்றார். எழுந்திருக்கவில்லை.